க்னுபிளாட்டில் ஒரு சங்கு வரையலாம் வாங்க

கன்னியாகுமரி கடற்கரையில் சங்குக் கடைகளைத் தாண்டாமல் யாரும் திரும்ப முடியாது. என் மேசையிலும் அங்கே வாங்கின ஒரு சங்கு கிடக்கிறது, அதைத்தான் இன்றைக்கு கணினியில் வரையப் போகிறோம். க்னுபிளாட் என்பது கணக்கைக் கொடுத்தால் படம் வரைந்து காட்டும் மென்பொருள், இலவசம், 1986-இல் இருந்து இருக்கிறது, பார்க்க வெறும் கறுப்புத் திரைதான், பயப்பட வேண்டாம். கட்டளைகளை நான் வாயால் சொல்கிற மாதிரி தமிழில் எழுதுகிறேன், நீங்கள் சின்ன ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சைன் மட்டும் மூன்றே எழுத்து, கடைசி எழுத்தை விட்டுவிடுங்கள்.

முதலில் ஒரு உளுந்து வடை. சிரிக்காதீர்கள், வடை புரிந்தால்தான் சங்கு வரும். ஒரு சின்ன வளையலைக் கையில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். வளையல் போன பாதை முழுவதும் சேர்ந்தால் அது வடை. நீங்கள் எவ்வளவு திரும்பியிருக்கிறீர்கள் என்பது யு, வளையலின் மேல் எந்தப் புள்ளி என்பது வி. இந்த இரண்டு எண்களைச் சொன்னால் பரப்பில் ஒரு இடம் கிடைக்கும், அதன் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் யு, வி வைத்து எழுதிக் கொடுப்பதுதான் பாராமெட்ரிக் முறை.

செட் பாராமெட்ரிக்
செட் யுரேஞ்ச் [0:2*பை]
செட் விரேஞ்ச் [0:2*பை]
செட் ஐசோசாம்பிள்ஸ் 50,20
செட் ஹிடன்3டி
செட் வியூ ஈக்குவல் எக்ஸ்ஒய்இசட்
எஸ்பிளாட் (3+காஸ்(வி))*காஸ்(யு), (3+காஸ்(வி))*சைன்(யு), சைன்(வி)

முதல் வரியை மறந்தால் யு, வி என்றால் என்னவென்று தெரியாமல் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். ரேஞ்ச் என்பது யு, வி எதிலிருந்து எதுவரை போக வேண்டும் என்பது, 2*பை என்றால் ஒரு முழுச் சுற்று; சொல்லாவிட்டால் -5 முதல் 5 வரை அதுவாகவே வைத்துக்கொள்ளும். ஐசோசாம்பிள்ஸ் என்பது எத்தனை கோடுகள் என்ற கணக்கு, சொல்லாமல் விட்டால் பத்துப் பத்துதான், வடை மூலை மூலையாக இருக்கும். ஹிடன்3டி பின்பக்கத்துக் கோடுகளை மறைக்கும். வியூ ஈக்குவல் போடாவிட்டால் மூன்று அச்சுகளும் ஒரே அளவில் வராது, வடையின் வடிவமே மாறிவிடும். படம் வந்ததும் மவுஸால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், நான் முதல் நாள் அரை மணி நேரம் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

சரி, இப்போது சங்கு. அதே வளையல்தான், ஆனால் சுற்றச் சுற்ற வளையலும் சிறுத்துக்கொண்டே வர வேண்டும், நடுவிலிருந்து அது இருக்கும் தூரமும் குறைய வேண்டும், அப்படியே மேலே ஏறவும் வேண்டும். மூன்றையும் ஒரே எண்ணால் பெருக்கினால் போதும். சங்கு வளரும்போது உருவம் மாறாமல் பெரிதாவதும் இந்தக் கணக்கில்தான். அந்த எண்ணுக்கு எஸ் என்று பெயர் வைப்போம்:

எஸ்(யு) = எக்ஸ்ப்(-0.1*யு)
செட் யுரேஞ்ச் [0:8*பை]
செட் ஐசோசாம்பிள்ஸ் 160,24
எஸ்பிளாட் எஸ்(யு)*(1+காஸ்(வி))*காஸ்(யு), எஸ்(யு)*(1+காஸ்(வி))*சைன்(யு), எஸ்(யு)*(சைன்(வி)-3)

நான்கு சுற்று, கீழே அகன்ற வாய், மேலே கூர்முனை. நான் முதல் தடவை 0.1-க்குப் பதிலாக (1/10) என்று எழுதிவிட்டு, ஓட்டை இல்லாத ஒரு வடையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விஷயம் என்னவென்றால், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் க்னுபிளாட் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடும், 1/10 அதற்கு வெறும் 0. அப்புறம் எஸ் எப்போதும் 1 தான், சிறுக்கவே சிறுக்காது. 1.0/10 என்று எழுதினால் சரியாக வரும்.

கடைசியில் இருக்கிற 3-ஐ மாற்றிப் பாருங்கள். 6 என்றால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் ஸ்பிரிங் மாதிரி விலகி நிற்கும். 0 என்றால் உயரமே இல்லாமல் தட்டையாகச் சுருண்டு கிடக்கும். 3-இல் பக்கத்துச் சுற்றுகள் கொஞ்சமாக உரசும், நிஜச் சங்கின் தையல் மாதிரி.

இன்னொன்று. இப்போது படத்தில் கூர்முனையை மேலே வைத்து வாயை நம்மைப் பார்த்தபடி திருப்பினால் வாய் வலப்பக்கம் இருக்கிறது, இல்லையா? குழம்ப வேண்டாம், இதைத்தான் நம் ஆட்கள் இடம்புரி என்பார்கள், கடைகளில் குவிந்து கிடப்பதும் இதுதான். எஸ்பிளாட்டை அடுத்து வரும் முதல் கோவையின் முன்னால் ஒரு கழித்தல் குறி மட்டும் போட்டு மறுபடி ஓட்டுங்கள், கண்ணாடியில் பார்த்தது போல வாய் இடப்பக்கம் போய்விடும். அதுதான் வலம்புரி. கடைக்காரர் அதற்கு என்ன விலை சொல்வார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.