தெருக்கூத்தையும் மட்டக்களப்புக் கூத்தையும் ஒரே களரியில் இணைக்க விரும்புவோருக்கு

இந்தியாவும் இலங்கையும் 1977 நவம்பரில் புதுதில்லியில் கையெழுத்திட்ட பண்பாட்டு ஒத்துழைப்பு உடன்படிக்கையின் அடிப்படையில் இரு நாட்டுக் கலைஞர்களும் போய்வருகிறார்கள். ஆயினும் அரசு அழைப்பில் செல்லும் குழுவுக்குப் பெரும்பாலும் ஒரு மாலை நேர மேடையும் ஒரு பொன்னாடையுமே வாய்க்கின்றன. வட தமிழ்நாட்டுத் தெருக்கூத்துக் குழுவொன்றும் மட்டக்களப்புக் கூத்துக் குழுவொன்றும் சில நாள்கள் சேர்ந்திருந்து பயில வேண்டும் என்று விரும்பும் அமைப்பாளர், அலுவலகங்களுக்குப் போகுமுன் தெருக்கூத்துக் குழுவின் ஆசானான வாத்தியாரையும் மட்டக்களப்புக் கூத்தைப் பயிற்றி நடத்தும் அண்ணாவியாரையும் பேச வைக்க வேண்டும். அவ்விருவருக்கும் பிடிக்காத திட்டத்தை எந்த நிதியும் காப்பாற்றாது.

முதலில் முடிவாக வேண்டியது கதை. இரு மரபுகளும் பாரதக் கதைகளை ஆடுவதால், அபிமன்யு போர்க்களம் புகும் பகுதியைப் போல இருவருக்கும் பழகிய ஒன்றைத் தேர்ந்துகொள்வது நல்லது. இரண்டையும் கலந்து புதுப் பிரதி எழுதும் ஆசையைத் தள்ளிவைக்குமாறு பரிந்துரைக்கிறேன். ஒரே காட்சியை இரு குழுக்களும் தத்தம் முறையில் அடுத்தடுத்து ஆடினாலே வேறுபாடுகள் துலக்கமாகத் தெரியும். தெருக்கூத்தில் வேடதாரி திரைக்குப் பின் நின்று பாடி, திரை விலக வெளிப்படுவார். மேளக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் அவருக்குப் பின்னால் இருப்பார்கள். மட்டக்களப்பிலோ பார்வையாளர் சுற்றிலும் அமரும் வட்டக்களரியில் ஆடுவது மரபு. அண்ணாவியாரே மத்தளம் அடித்து, சல்லரி என்னும் கைத்தாளத்தின் துணையோடு ஆட்டத்தை நடத்துவார்.

ஆகவே ஆடுகளத்தை எப்படி அமைப்பது என்பதே பயிற்சியின் முதல் நாளுக்குப் போதிய வேலையாகும். பக்கத்துக்கொரு குழுவாக மேடையைப் பிரித்துவிடாமல், முதலில் வட்டக்களரியில் தெருக்கூத்துக்காரர்களையும், பின்னர் திரை பிடித்து மட்டக்களப்புக் கலைஞர்களையும் ஆடச் செய்து பாருங்கள். மத்தளத்தின் தாளக்கட்டைத் தெருக்கூத்தின் ஊதுகருவியான முகவீணையோடு பொருத்திப் பார்க்கத் தனியாக ஒரு முற்பகலை ஒதுக்குங்கள். மட்டக்களப்புக் கூத்தின் ஒரு பிரிவான வடமோடியில் அரசர் அணியும் கனமான உடுப்பையும் தெருக்கூத்தில் தோளில் அணியும் புஜக்கட்டையையும் மாற்றி அணிந்து ஆடிப்பார்த்தால், அடவுகள் ஏன் அப்படி அமைந்தன என்பதைக் கலைஞர்களே கண்டுகொள்வார்கள். மட்டக்களப்பில், பாத்திரங்களைப் பகிர்ந்து பாடப் பகுதிகளை வழங்கும் சட்டம் கொடுத்தல் தொடங்கி, ஆடுவோர் காலில் சதங்கை கட்டும் சதங்கை அணிதல் வழியாக அரங்கேற்றம் வரை ஊரே கூடி நடத்தும் பழக்கம் உண்டு. அதைச் சுருக்கமாகவேனும் கடைப்பிடிப்பது விருந்தினருக்கு எந்த விளக்கவுரையையும் விடப் பயன்படும்.

காலத்தைப் பொறுத்தவரை, மாசி மாதம் ஏற்றது. வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்திருக்கும். பங்குனி, சித்திரை முதல் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் தெருக்கூத்துக் குழுக்களுக்கு ஓய்வே இராது. ஒரு பருவத்தின் வருவாயை இழந்து எவரும் கடல் கடக்க மாட்டார்.

மூத்த கலைஞர் பலரிடம் கடவுச்சீட்டு இராது என்பதால் ஆவண வேலையை ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். தலைப்பெழுத்தோடு எழுதிய பெயர் ஆதாரில் ஒருவிதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருந்தால், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். நுழைவு அனுமதியைச் சுற்றுலாவுக்கென்று பெறாமல் கலை நிகழ்ச்சிக்கென்றே கேட்டுப் பெறுங்கள். இலங்கையில் பொதுமேடையில் ஆடும் நாடகங்களுக்கு அனுமதி வழங்கும் அரசுச் சபை உண்டு. பிரதியை முன்கூட்டியே கொடுத்து விசாரித்துக்கொள்ளும் பொறுப்பை அங்குள்ள பங்காளியிடம் ஒப்படையுங்கள்.

பொருள்களை அனுப்புவதில் கவனம் மிக வேண்டும். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய கிரீடமும் தோல் வாத்தியங்களும் சோதனைக்கு நிறுத்தப்படலாம் என்பதால், ஒவ்வொன்றையும் படம் எடுத்து, திரும்பக் கொண்டுவரும் பொருள் என்று குறித்த பட்டியலைக் கையில் வைத்திருங்கள். கிரீடத்தில் மயிற்பீலி இருந்தால் கழற்றி ஊரிலேயே விட்டுவிட வேண்டும். மயிலிறகை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை உள்ளது.

நிதிக்கு 1950இல் தொடங்கிய இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தையும், கொழும்பிலுள்ள இந்தியப் பண்பாட்டு மையத்தையும் அணுகலாம். பயிற்சிக்கும் மாணவர்களுக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இயல்பான இடம். திட்ட வரைவில் பயணச் செலவுக்கு முன்பாகக் கலைஞர்களின் நாள் ஊதியத்தை எழுதுங்கள்; பயிற்சி நாள்களுக்கும் ஆட்ட நாளுக்கும் ஒரே தொகையாக அது இருக்கட்டும். காணொளிப் பதிவு யாருக்கு உரியது, அதை வெளியிட யாரிடம் கேட்க வேண்டும், அதில் வருவாய் வந்தால் எப்படிப் பங்கிடுவது என்பவற்றையும் வாத்தியாரும் அண்ணாவியாரும் கையெழுத்திடும் ஒரு பக்க ஒப்பந்தத்தில் பயணத்துக்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள்.