சாய்ந்த மதிலும் கசியும் வரைபடமும்: ஹேமர் 3.5 இல் பிழை வராமல் கட்டுவது எப்படி

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையின் வாசலையும் அதையொட்டிய மதிலையும் ஹாஃப்-லைஃப் என்னும் கணினி விளையாட்டுக்குரிய வரைபடமாகக் கட்டத் தொடங்கியபோது, அத்தகைய வரைபடங்களைக் கட்டும் ஹேமர் 3.5 மென்பொருள் திரையில் காட்டுவது ஒன்றாகவும் விளையாட்டுக்குள் போய்ச் சேர்வது வேறொன்றாகவும் இருப்பதைக் கண்டேன். பென் மொரிஸ் 1996 இல் குவேக் விளையாட்டுக்காக உருவாக்கிய வேர்ள்ட்கிராஃப்ட் என்னும் மென்பொருளே பின்னர் ஹேமர் எனப் பெயர் பெற்றது. அதன் பழைய வழக்கங்கள் சிலவற்றை அறிந்து அவற்றுக்கேற்பக் கட்டினால் அது இன்றும் நம்பி வேலை செய்யத்தக்க கருவியே.

முதலில், மென்பொருளையும், கட்டியதை விளையாட்டு ஏற்கும் கோப்பாக மாற்றும் தொகுப்புக் கருவிகளையும் இடைவெளி இல்லாத பெயருடைய கோப்புறையில், சி வட்டின் வேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் இடைவெளி இருந்தால் தொகுப்புக் கருவிகள் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றுவிடுவதுண்டு.

அடுத்தது அளவு. விளையாடுபவரின் உருவம் 32 அலகு அகலமும் 72 அலகு உயரமும் கொண்டது. வரைபடமோ மையத்திலிருந்து ஒவ்வொரு திசையிலும் 4096 அலகுக்கு மேல் விரியாது. ஓர் அலகை ஓர் அங்குலமாகக் கொண்டால் முழு அகலமும் ஏறத்தாழ 208 மீற்றர்தான். ஆகவே கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரையான வீதியை உண்மை அளவில் அடக்க இயலாது. வாசலை மட்டும் எடுத்துக்கொண்டு அதை நன்றாகக் கட்டுவதே முறை.

இனி முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். நாம் சேமிக்கும் ஆர்எம்எஃப் கோப்பு மூலைகளின் பின்னங்களையும் வைத்திருக்கும். ஆனால் தொகுப்பதற்காக எழுதப்படும் மேப் கோப்பில் அவை முழு எண்களாக்கப்படுகின்றன. 256 அலகு நீளமான மதிலை 30 பாகை சுழற்றினால் அதன் முனை 221.7 இல் நிற்கும். ஏற்றுமதியில் அது 222 ஆகிவிடும். மேலும், ஒவ்வொரு முகத்தின் தளத்தையும் குறிக்க மூன்று புள்ளிகளே எழுதப்படுவதால், கோட்டை மதில்போல மேல்நோக்கிச் சரியும் முகத்தில் நான்காவது மூலை தானாகவே இடம் பெயரும். திரையில் ஒட்டி நின்ற இரண்டு கற்கட்டுகளுக்கிடையே விளையாட்டில் மயிரிழை பிளவு தோன்றுவது இதனாலேயே.

ஆதலால் சாய்ந்த மதிலைச் சுழற்றாதீர்கள்; மூலைகளைக் கட்டக்கோட்டில் வைத்தே வரையுங்கள். மூன்றுக்கு நான்கு என்ற சாய்வு இதற்கு மிகவும் உதவும். ஒரு மூலை சுழியத்தில் இருக்க, மறுமுனையை 256, 192 இல் வைத்தால் மதிலின் நீளம் சரியாக 320 அலகு. தடிப்பு 20 அலகாக வேண்டுமென்றால், உட்புற மூலைகள் 244, 208 இலும் -12, 16 இலும் விழும். நான்கு மூலைகளும் நான்கு அலகுக் கட்டத்தில் அமர்வதால் ஏற்றுமதியில் எதுவும் அசையாது. முகத்தில் ஒட்டப்படும் 64 அலகு அகலமான கல் படமும் அந்த நீளத்தில் ஐந்து முறை பிசகின்றி வந்து முடியும். இந்த ஒரு கணக்கைக் கண்டுகொண்ட பிறகுதான் என் மதில் மதிலாக நின்றது.

மூலைகளை இழுக்கும்போது ஒரு பிரஷ், அதாவது கட்டுவதற்குப் பயன்படும் திண்ம வடிவம், உட்குழிந்துவிடக் கூடாது; நான்கு மூலை முகம் வளைந்துவிடவும் கூடாது. கரடுமுரடான பாறையை முக்கோண முகங்களாகப் பிரித்துக் கட்டுவது பாதுகாப்பானது. ஒவ்வொரு பகுதியும் முடிந்ததும் ஆல்ட் விசையுடன் பி (P) விசையை அழுத்திச் சோதியுங்கள். ஆயினும் அந்தச் சோதனை கசிவைப் பிடிக்காது.

கசிவு என்பது வரைபடத்தின் உட்புறம் வெளியிலுள்ள வெறுமையுடன் தொடுவதாகும். கலப்பத்து விட்டுப்போன தோணியில் நீர் புகும் இடம் ஒன்றாகவும் தேங்கும் இடம் வேறாகவும் இருப்பதுபோல, தொகுப்புக் கருவிகளின் பதிவில் பெயர் காட்டப்படும் பொருள் பிழை உள்ள இடமன்று. மேப் பட்டியலில், கசிவின் பாதையைக் காட்டும் பாயிண்ட்ஃபைலை ஏற்றி, தோன்றும் கோட்டினை வெறுமையில் முடியும் முனையிலிருந்து பின்னோக்கித் தொடருங்கள். அது மதிலைக் கடக்கும் இடமே பிளவு. கதவு போன்ற பொருளாக மாற்றப்பட்ட பிரஷ்கள் வெறுமையை அடைக்காது என்பதால், வாசற்கதவுக்குப் பின்னால் சாதாரணச் சுவர் ஒன்று இருக்கவேண்டும்.

முழு வரைபடத்தையும் ஒரு பெரிய பெட்டிக்குள் போட்டு மூடிவிடும்படி சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிளவு அப்படியே இருக்க, வெளிப்புற முகங்கள் எல்லாம் கணக்கில் சேர்ந்து தொகுப்பு நேரமும் விளையாட்டின் சுமையும் கூடும்.

வாசலில் உள்ள இரட்டை மீன் சின்னத்தைப் படமாகச் சேர்க்க விரும்பினால், அகலமும் உயரமும் 16 இன் மடங்காகவும், நிறங்கள் 256க்கு மிகாமலும் இருக்கவேண்டும். நான் 128க்கு 128 அளவில் செய்தேன்.

ஆர்எம்எஃப் கோப்பை ஒவ்வொரு நாளும் புதிய எண்ணிட்டுச் சேமியுங்கள். மேப் கோப்பைத் திறந்து அதிலேயே வேலையைத் தொடராதீர்கள். முழு எண்ணாக்கப்பட்ட மூலைகள் அப்போது நிலையாகிவிடும். ஒரு மதில் முடிந்தவுடன் ஒளிக் கணிப்பை விட்டு, சிஎஸ்ஜி, பிஎஸ்பி ஆகிய இரண்டு தொகுப்புக் கருவிகளை மட்டும் ஓட்டிக் கசிவு இல்லை என்று கண்ட பிறகே அடுத்த மதிலைத் தொடங்குங்கள்.