41 சதவீதம் என்றால் எதில் 41? மத்திய வரிப் பங்கை ஊராட்சி வரை கணக்கிடும் முறை

மத்திய அரசு வசூலிக்கும் வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் போகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இந்தக் கணக்கைச் சரிபார்க்க முனைபவர் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தொகையில் 41 சதவீதம் என்பதுதான். விகிதத்தை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுவிட்டு, அது எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்க்காமல் விடுவதே இதில் பலரும் செய்யும் பிழை.

முதலில் மத்திய வரவு செலவுத் திட்டத்துடன் வெளியாகும் ‘ரிசீட் பட்ஜெட்’ என்ற ஆவணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த வரி வருவாய், மாநிலங்களின் பங்கு, மாநிலவாரிப் பகிர்வு ஆகிய மூன்றும் அதில் கிடைக்கும். 2024 ஜூலையில் தாக்கலான 2024-25ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, மொத்த வரி வருவாய் ஏறத்தாழ 38.40 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்கள் அனைத்துக்குமான பங்கு 12.47 லட்சம் கோடி. வகுத்துப் பார்த்தால் கிடைப்பது 41 அன்று, 32.5 சதவீதம்தான். மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைக் கணக்கு என மூன்று வகை எண்கள் இருப்பதால், பல ஆண்டுகளை ஒப்பிடும்போது எல்லா ஆண்டுகளுக்கும் உண்மைக் கணக்கையே எடுத்துக்கொள்வது நல்லது.

41க்கும் 32.5க்கும் இடையிலான வேறுபாடு எங்கே போயிற்று? அரசமைப்புச் சட்டத்தின் 270ஆம் உறுப்பின்படி, செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கென விதிக்கும் வரி), சர்சார்ஜ் (வரியின் மேல் விதிக்கும் கூடுதல் வரி) ஆகியவற்றின் வசூல் மாநிலங்களுடன் பகிரப்படுவதில்லை. அவற்றையும் வசூல் செலவு போன்ற சிலவற்றையும் கழித்த பிறகு எஞ்சும் ‘பகிரத்தக்க தொகுப்பில்’தான் 41 சதவீதம் கணக்கிடப்படுகிறது. இதைக் கண்கூடாகக் காண பெட்ரோலைப் பார்த்தால் போதும். 2022 மே மாதக் குறைப்புக்குப் பின் ஒரு லிட்டருக்கு மத்திய அரசின் கலால் வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் பகிர்வுக்குரிய அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. மற்றவை யாவும் சாலை செஸ், வேளாண் செஸ், சிறப்புக் கூடுதல் வரி என்ற பெயர்களில் மத்திய அரசிடமே தங்கிவிட்டன. அந்த 1.40இல் 41 சதவீதம், அதாவது ஏறத்தாழ 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது. தமிழ்நாட்டின் பங்கு லிட்டருக்கு இரண்டரைக் காசுகூட இல்லை.

அடுத்தது காலவரிசை. 2000ஆம் ஆண்டின் 80ஆவது அரசமைப்புத் திருத்தத்துக்கு முன் வருமான வரியும் கலால் வரியும் மட்டுமே பகிரப்பட்டதால், அதற்கு முந்தைய விகிதங்களைப் பிந்தையவற்றோடு ஒரே அட்டவணையில் வைக்கக் கூடாது. அதன்பின், ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை இந்தப் பங்கைப் பரிந்துரைக்கும் மத்திய நிதிக்குழுக்களில் 11ஆவது 29.5, 12ஆவது 30.5, 13ஆவது 32, 14ஆவது 42, 15ஆவது 41 சதவீதம் எனப் பரிந்துரைத்தன. 32இலிருந்து 42க்குத் தாவியதைக் கண்டு அவசரப்பட்டு மகிழ வேண்டாம். அதே 2015இல் திட்டக்குழு வழியாக வந்துகொண்டிருந்த பொது உதவி நின்றது, மத்திய அரசுத் திட்டங்கள் பலவற்றில் மாநிலங்கள் ஏற்க வேண்டிய செலவும் உயர்ந்தது. ஆகவே வரிப் பங்குடன் மானியங்களையும் கூட்டி, மத்திய அரசிடமிருந்து வந்த மொத்தத் தொகையை ஒப்பிடுவதே நேர்மையான முறை.

மாநிலங்களுக்கு இடையிலான பங்கீடு தனிக் கணக்கு. தமிழ்நாட்டின் பங்கு 9ஆவது நிதிக்குழுவில் 7.931 சதவீதம், 13ஆவதில் 4.969, 15ஆவதில் 4.079. சராசரி வருமானம் குறைந்த மாநிலங்களுக்குக் கூடுதலாகத் தரும் அளவுகோலுக்கு 15ஆவது குழு 45 சதவீத எடை கொடுத்தது. மக்கள்தொகைக்கு 1971ஐ விட்டு 2011 கணக்கெடுப்பை மட்டுமே எடுத்துக்கொண்டு, கருவள விகிதத்தைக் குறைத்த மாநிலங்களுக்கென 12.5 சதவீத எடையைத் தனியே வைத்தது. மேடைகளில் கேட்கும் ‘ஒரு ரூபாய் கொடுத்தால் 29 காசு’, அதாவது தமிழ்நாடு தரும் ஒவ்வொரு ரூபாய் வரிக்கும் 29 காசுதான் திரும்புகிறது என்ற கணக்கையும் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருக்கிறதோ அந்த மாநிலத்தின் வசூலாகவே நிறுவன வரி பெரும்பாலும் பதிவாகிறது. ஆலை வேறிடத்தில் இருக்கலாம். அதற்காகத் தமிழ்நாட்டுக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்ற குறை பொய்யாகிவிடாது, எண்தான் துல்லியமற்றதாகிறது.

இனி ஊராட்சி. உள்ளாட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி தந்த 73, 74ஆவது திருத்தங்களுக்குப் பின் பணம் இரு வாய்க்கால்களில் கீழே வருகிறது. ஒன்று, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து உள்ளாட்சிகளுக்குத் தரப்படும் பங்கு. தமிழ்நாட்டில் இது 10 சதவீதம். இங்கும் அதே கேள்விதான்: மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்கு வரும் வரிப் பங்கு இந்தக் கணக்கில் சேராது. மற்றொன்று, மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது குழுவின் கிராமப்புற மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு ஆகியவற்றுக்கே ஒதுக்கப்பட்டது என்பதால், தெருவிளக்குக்கு ஏன் செலவிடவில்லை என்று தலைவரைக் கேட்பதற்கு முன் பணம் எந்தத் தலைப்பில் வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பதும் இந்த மானியத்துக்கு நிபந்தனை. தேர்தல் தள்ளிப்போனால் தொகையும் நிற்கும்.

உங்கள் ஊராட்சி மத்திய மானியத்தில் செய்த செலவுகள் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு அடுத்த கிராம சபைக்குச் செல்லுங்கள். வரவு செலவு படிக்கப்படும்போது மாநில நிதி ஆணைய மானியம், மத்திய மானியம், வீட்டு வரி ஆகிய மூன்றையும் தனித்தனியே சொல்லும்படி கேட்டு, கையிலுள்ள அச்சுப்படியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மொத்தமாக ஒரே எண்ணைப் படித்து முடித்துவிட்டால், பிரித்துத் தரும்படி எழுத்து மூலம் மனுக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.