எத்தனாலில் ஒட்டியிருக்கும் கடைசித் தண்ணீரை எடுப்பது எப்படி?

அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கரும்பில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்தால் எத்தனால் கிடைக்கும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்; மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்.

காய்ச்சி வடித்தால் எத்தனாலின் அளவு கூடும். அது 78.4 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். அப்படியென்றால் திரும்பத் திரும்ப வடித்தால் முழுச் சுத்தமாகிவிடுமா? ஆகாது. எடையில் 95.6 சதவீதத்தைத் தொட்டதும் கலவை 78.2 டிகிரியில் ஒரே திரவம்போலக் கொதிக்கும். மேலே போகும் ஆவியிலும் அதே 95.6தான். இதற்கு அசியோட்ரோப் என்று பெயர். "இன்னொரு தடவை வடிக்கலாம் சார்" என்று மாணவர்கள் கேட்பது இந்த இடத்தில்தான். இங்கே சூட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை, தண்ணீர் மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு துளை வேண்டும்.

இது கல்லூரி ஆய்வகத்துக்கான செய்முறை. எத்தனால் வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். வீட்டில் செய்ய வேண்டாம். ஆய்வக எத்தனாலைக் குடிக்கவும் கூடாது. அதில் மெத்தனால் கலந்திருக்கலாம்.

படி 1: மயில்துத்தத்தை (நீல நிற காப்பர் சல்பேட்) பொடித்து, பீங்கான் கிண்ணத்தில் போட்டுச் சூடாக்குங்கள். நீலம் மெல்ல வெளுத்து வெள்ளைப் பொடியாகும். ஆறியதும் இறுக மூடி வையுங்கள். தண்ணீர் பட்டால் இது மறுபடி நீலமாகும்; கடைசியில் சோதித்துப் பார்க்க இதுதான் உதவும்.

படி 2: 3ஏ வகை மூலக்கூறுச் சல்லடை மணிகளை (நுண்துளைகள் நிறைந்த சிறு உருண்டைகள்) 300 டிகிரி உலையில் 3 மணி நேரம் வைத்து, டெசிகேட்டரில் (ஈரக் காற்று புகாத மூடிய பாத்திரம்) ஆறவிடுங்கள். ஆறிய மணி ஒன்றை ஈர விரலில் வைத்துப் பாருங்கள், சுருக்கென்று சுடும். தண்ணீரை அது அவ்வளவு ஆசையாக இழுக்கிறது! துளையின் அகலம் 3 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). தண்ணீர் மூலக்கூறு ஏறக்குறைய 2.8, அதனால் உள்ளே போய்விடும். எத்தனால் ஏறக்குறைய 4.4, வெளியிலேயே நின்றுவிடும்.

படி 3: எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, அப்புறம் எத்தனால் பாட்டிலைத் திறங்கள். தீப்பொறி பட்டால் அதன் ஆவி 13 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். மதுரையில் மார்கழி விடியலில்கூட அதைவிடச் சூடு அதிகம். பகல் வெளிச்சத்தில் அந்தச் சுவாலை கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

படி 4: 100 மில்லிக்கு 25 கிராம் மணி போட்டு, மூடி ஒரு நாள் வையுங்கள்.

படி 5: சோதனைக் குழாயில் 5 மில்லி தெளிவை எடுத்து, வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். வெள்ளையாகவே இருந்தால் சரி. நீலம் ஏறினால் புது மணி போட்டு இன்னொரு நாள்.

போன ஐப்பசி மழையில், நன்றாகக் காய்ந்த எத்தனாலை மூடி தளர்வாக இருப்பதைக் கவனிக்காமல் வைத்துவிட்டேன். காற்றின் ஈரத்தைக் குடித்து, மறுவாரம் பொடியை நீலமாக்கிவிட்டது. இப்போது பாட்டிலுக்குள்ளேயே பத்துப் பன்னிரண்டு மணிகளைப் போட்டு, மூடியைச் சுற்றி பாராஃபிலிம் (இழுத்து ஒட்டும் மெழுகுப் படலம்) ஒட்டி வைக்கிறேன்.