பழைய காரில் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறதா? ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை

காலையில் நாலைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. மேட்டில் இழுவை இல்லை. சும்மா நிற்கும்போதும் வண்டி உதறுகிறது. பிளக் மாற்றியாயிற்று, ஏர் ஃபில்டர் மாற்றியாயிற்று, கார்புரேட்டரையும் சுத்தம் செய்தாயிற்று. அப்படியும் சரியாகவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்பது.

பிஸ்டன் மேலே வந்து அழுத்தும் காற்று தப்பிப் போக பெரும்பாலும் மூன்று வழிகள்தான். பிஸ்டன் ரிங் ஓரமாகக் கீழே இறங்கும், வால்வ் சரியாக மூடாமல் மேலே போகும், அல்லது சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் வழியாகப் பக்கவாட்டில் கசியும். எந்த வழி என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. கம்ப்ரஷன் கேஜ் (அழுத்தம் அளக்கும் கருவி) காட்டும் அளவை மட்டும் பார்த்து எஞ்சினைப் பிரித்தவர்கள் நிறையப் பேர்.

ஒரு விஷயம்: இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோல் எஞ்சினுக்கு. டீசலில் அழுத்தம் 300 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) மேல் போகும், அதற்குத் தனி கேஜ் வேண்டும். பின்னால் வரும் ஆயில் சோதனையையும் டீசலில் செய்யக் கூடாது.

முதலில் தயார் செய்தல்

எஞ்சினைச் சூடாகும் வரை ஓட்டிவிட்டு, பிளக்கைத் தொட்டால் கை சுடாத அளவுக்கு ஆறவிடுங்கள். ஹெட் அலுமினியம் என்றால் கொதிக்கக் கொதிக்கப் பிளக் கழற்றும்போது மரை போய்விடும். பிளக் குழியைச் சுற்றி இருக்கும் மண்ணை ஊதித் தள்ளிய பிறகு எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றிச் சோதித்தால் ஸ்டார்ட்டர் திணறும், அளவும் தப்பாக வரும். எந்தப் பிளக் எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக அடுக்கி வையுங்கள். ஆயில் படிந்து கறுப்பாக இருக்கும் பிளக் அப்போதே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இக்னிஷன் காயிலுக்கு வரும் மெல்லிய கரண்ட் வயரைக் கழற்றிவிடுங்கள். எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் என்றால் அதன் ஃபியூஸை எடுங்கள். எஞ்சினோடு சேர்ந்து ஓடும் பம்ப் என்றால் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி அடைத்துவிடுங்கள். இக்னிஷனையும் பெட்ரோலையும் நிறுத்தாமல் விட்டால் பிளக் துளை வழியாகப் பெட்ரோல் புகை வெளியே அடிக்கும், பக்கத்தில் ஒரு பொறி போதும்.

பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு.

கேஜ் வைத்துப் பார்த்தல்

ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் கேஜைவிட, பிளக் துளையில் திருகும் கேஜ்தான் நல்லது. அதைக் கையால் இறுக்கினால் போதும். உதவிக்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடிக்கட்டும். சோக்கும் திறந்திருக்க வேண்டும். நான் முதல்முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே சோதித்தேன். நாலு சிலிண்டரும் 90 பிஎஸ்ஐக்குக் கீழே. எஞ்சின் போயிற்று என்று அன்று இரவு தூக்கமே இல்லை. மறுநாள் மிதித்துக்கொண்டு பார்த்தால் எல்லாம் 140க்கு மேல்.

பிஸ்டன் மேலே வந்து அழுத்தும் ஒவ்வொரு அடிக்கும் முள் எப்படி ஏறுகிறது என்று கவனியுங்கள். ஐந்தாறு அடி போதும். முதல் அடியில் எங்கே நின்றது, கடைசியில் எங்கே நின்றது, இரண்டையும் எழுதுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதே எண்ணிக்கை அடிகள்தான்.

நல்ல பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 120 முதல் 180 பிஎஸ்ஐ வரை வரும். சரியான அளவு உங்கள் காரின் மேனுவலில் இருக்கும். 100க்குக் கீழே என்றால் சந்தேகப்படலாம். ஆனால் அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். குறைந்த அளவு, அதிக அளவில் 75 சதவீதமாவது இருக்க வேண்டும். 160, 155, 158, 105 என்று வந்தால் நாலாவதில் கோளாறு. எல்லாமே ஒரே மாதிரி 125 என்றால் அது வயதான எஞ்சின், ஆனாலும் ஒழுங்காக ஓடும்.

பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டு மட்டும் குறைவாக இருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். எல்லாமே திடீரென்று குறைந்திருந்தால் டைமிங் பெல்ட் (வால்வ் திறந்து மூடும் நேரத்தைப் பிஸ்டனோடு பொருத்தும் பெல்ட்) பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு ஸ்பூன் ஆயில்

குறைவாகக் காட்டிய சிலிண்டரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு, மறுபடி அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்மானம். ஆயில் அந்த இடுக்கைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. முன்பு முள் முதல் அடியில் தாழ்ந்து, மெதுவாக ஏறியிருந்தால் அதுவும் ரிங்கையே காட்டும். ஆயில் விட்டும் அசையவில்லையா? வால்வ் அல்லது கேஸ்கட்.

காற்று எங்கே போகிறது?

கம்ப்ரஸர் இருந்தால் இதைச் செய்துவிடுங்கள், சந்தேகமே இருக்காது. பிளக் துளையில் விரலை வைத்து எஞ்சினை ஸ்பானரால் திருப்புங்கள். விரலைக் காற்று தள்ளும் சமயத்தில் பிஸ்டன் மேலே வருகிறது. உச்சிக்கு வந்ததும் நிறுத்துங்கள். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும். ஸ்பானரை எடுத்துவிடுங்கள், காற்று விட்டதும் எஞ்சின் சட்டென்று திரும்பிக் கையை அடிக்கலாம். அப்புறம் பிளக் துளையில் திருகும் அடாப்டர் வழியாகக் கம்ப்ரஸர் காற்றை விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வ். சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் பலமாகக் கேட்டால் ரிங். லேசான சத்தம் எல்லா எஞ்சினிலும் உண்டு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட், அல்லது ஹெட்டில் விரிசல். இதற்கு மூடியை ஆறிய எஞ்சினில்தான் திறக்க வேண்டும்.

வால்வ் என்று முடிவானாலும் உடனே ஹெட்டைத் தூக்காதீர்கள். டேப்பட் (வால்வை அழுத்தித் திறக்கும் பாகம்) இடைவெளி குறைந்து வால்வ் முழுசாக மூடாமல் இருந்தாலும் இதே அளவுதான் வரும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து டேப்பட் செட் செய்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ரிங் என்று வந்து, வண்டி பல மாதம் நின்றிருந்தது என்றாலும் கொஞ்சம் பொறுக்கலாம். ரிங் கரி பிடித்து ஒட்டியிருக்கக்கூடும். புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு இன்னொரு முறை கேஜை மாட்டிப் பாருங்கள்.