சாரல் காலத்தில் துணி டயப்பர்

எனக்குக் குழந்தை பிறந்தது ஜூன் முதல் வாரம். கேரள எல்லையை ஒட்டிய செங்கோட்டையில் அதற்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்: ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்க ஆரம்பித்துவிட்டால் ஆகஸ்ட் முடிகிற வரைக்கும் கொடியில் போட்ட துணி எடுக்கும்போதும் ஈரமாகத்தான் இருக்கும். டயப்பர் வாங்கும்போது எவ்வளவு உறிஞ்சும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள், நானும் அதைத்தான் கேட்டேன். எவ்வளவு நேரத்தில் காயும் என்று கேட்டிருக்க வேண்டும்.

முதலில் வாங்கியது ஆறு ஆல் இன் ஒன். வெளிக் கவர், உள்ளே உறிஞ்சும் மூங்கில் துணி எல்லாம் சேர்த்துத் தைத்தது, மாட்டுவதற்கு ரொம்ப வசதி. துவைத்துத் தார்சாவில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், போட்டேன். மறுநாள் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது, நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் மட்டும் சில்லென்று இருக்கும். மூன்றாம் நாள் முடை நாற்றம், ஓரத் தையலில் கரும்புள்ளி. அதிலிருந்து என் கணக்கு இதுதான்: சாரல் ஊரில் தடிமனாகச் சேர்த்துத் தைத்த எதையும் வாங்காதீர்கள், பிரித்து ஒற்றை அடுக்காக விரிக்க முடிகிற துணிதான் வேண்டும்.

அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பாக்கெட் டயப்பர்: கவர் தனி, அதன் உள்ளே செருகுகிற உறிஞ்சும் துணியான இன்சர்ட் தனி. இன்சர்ட் மைக்ரோஃபைபர் என்கிற செயற்கை இழை என்றால் சீக்கிரம் காயும், ஆனால் அதைப் பாக்கெட்டுக்குள்தான் வைக்க வேண்டும், குழந்தையின் தோலில் நேராகப் பட்டால் ஈரப்பசையை இழுத்து வறட்டிவிடும். இன்னொன்று, சதுரத் துணியும் மேலே ஒரு கவரும். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் அந்தச் சதுரத் துணி வீட்டிலேயே இருந்தது. நம் துவர்த்துதான், அந்த மெல்லிய பருத்தித் துண்டு! மலையாளத்தில் தோர்த்து. 1956 வரைக்கும் இந்த ஊர் திருவிதாங்கூர் பக்கம், பிறகுதான் தமிழ்நாட்டுப் பக்கம். ஊர் இந்தப் பக்கம் வந்துவிட்டது, துவர்த்து வீட்டை விட்டுப் போகவே இல்லை. இழை மெல்லியது, தண்ணீரைச் சட்டென்று இழுக்கும், ஃபேன் காற்றிலேயே காய்ந்துவிடும். பாதியாக வெட்டி ஓரம் அடித்தால் இரண்டு துண்டு. பழைய பருத்தி வேட்டியும் இதற்கு ரொம்ப நல்லது, ஆச்சி அதைத்தான் கிழித்துக் கோவணமாக அரைஞாண் கயிற்றில் செருகி விடுவார்.

புதுத் துவர்த்தில் கஞ்சி இருக்கும், மூன்று நான்கு முறை துவைக்காமல் கட்டாதீர்கள். ஒரு கரண்டி தண்ணீரை மேலே விட்டுப் பாருங்கள், முத்து முத்தாக உருண்டு ஓடினால் இன்னும் தயாராகவில்லை, விட்ட இடத்திலேயே உள்ளே போனால் சரி. மூங்கில், ஹெம்ப் (சணல் மாதிரி ஒரு நார்) இன்சர்ட்டுக்கு இன்னும் கூடுதலாகத் துவைக்க வேண்டியிருக்கும்.

எத்தனை வேண்டும்? பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10, 12 முறை மாற்ற வேண்டிவரும். வெயில் ஊரில் 24 துணி போதும், இங்கே 36 இருந்தால்தான் நிம்மதி. கவர் 5 அல்லது 6 போதும், மலம் படவில்லை என்றால் துடைத்துக் காற்றாட விட்டு அடுத்த முறைக்கு மாட்டலாம். ஒரே சைஸ் பிறந்ததிலிருந்து போதும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள், மூன்று கிலோ குழந்தையின் தொடை அதில் பாதிகூட நிரம்பாது, அந்த இடைவெளி வழியாகத்தான் ஒழுகும். தொப்புள் கொடி விழும் வரை முன்பக்கத்தை அதற்குக் கீழே மடித்துவிடுங்கள். இடுப்பில் இரண்டு விரல் போக வேண்டும், எலாஸ்டிக் தொடை இடுக்கின் மடிப்பில் உட்கார வேண்டும்.

துவைப்பதில் ஒரு விஷயம் முக்கியம்: முதல் அலசல் பச்சைத் தண்ணீரில். எடுத்தவுடன் வெந்நீர் விட்டால் கறை பிடித்துக்கொள்ளும். அப்புறம் டிடர்ஜென்ட் போட்டு ஒரு முழுத் துவையல், அடுத்து நுரை வராமல் போகும் வரை அலசல். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு, பார் சோப்பு போட்டால் துணியில் படிந்துவிடும், அதனால் பவுடர்தான். வாசனைக்கென்று விற்கிற கம்ஃபர்ட் மாதிரி எதையும் சேர்க்கக் கூடாது, அது இழையில் பூசிக்கொண்டு உறிஞ்சவிடாமல் செய்யும். குழந்தைக்குத் தடவுகிற தேங்காய் எண்ணெயும் இதே வேலையைத்தான் செய்யும், எண்ணெய் போட்ட நாளில் உள்ளே மெல்லிய துணி ஒன்று வையுங்கள். ஈரத் துணியை மூடிய வாளியில் ஊறப் போடாமல் திறந்த கூடையில் போட்டு வையுங்கள். கண் எரிகிற மாதிரி மூத்திர நெடி வந்தால் துவையல் போதவில்லை என்று அர்த்தம், டிடர்ஜென்ட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

காயப் போடுவதற்கு செமி ஆட்டோமேட்டிக் மெஷினின் ஸ்பின் தொட்டி தெய்வம். இரண்டு முறை சுற்றவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று படாமல் ஒற்றை ஒற்றையாகத் தார்சாக் கொடியில் போட்டு ஃபேனைத் திருப்பி வைத்தால் இரவுக்குள் காய்ந்துவிடும். மிச்ச ஈரத்துக்குப் பருத்தியை மட்டும் இஸ்திரி போடலாம், கவரை ஒருபோதும் கூடாது, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பூச்சு உரிந்துவிடும். அடுப்புக்கு மேலே கூடை கவிழ்த்துக் காய வைப்பது ஆச்சி காலத்துப் பழக்கம்; துணியெல்லாம் புகை ஏறிவிடும், தீயும் பயம், வேண்டாம். நடுவில் வெயில் அடித்தால் மற்ற வேலையை அப்படியே போட்டுவிட்டுத் துணியை வெளியே கொண்டு போங்கள், மஞ்சள் கறை வெயிலில் தானாகப் போகும்.

இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியும் தோல் சிவந்து, தொடை மடிப்பில் சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளியாக வந்தால் பூஞ்சையாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். பவுடர் போட்டு மூடாதீர்கள். புனலூருக்குப் பேருந்தில் போகிற நாளில் நான் ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற கடை டயப்பர்தான் மாட்டுவேன், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்த ஆறு ஆல் இன் ஒன்னையும் சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் வீடு சங்கரன்கோவில். மாடியில் போட்டால் ஒரே வெயிலில் காய்ந்துவிடுகிறதாம்.