பையைத் திருப்பிப் பாருங்கள்: தானியமும் கிழங்கு மாவும் இல்லாத பூனை உணவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

என் பூனையின் பெயர் பூசணி. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர், போகப் போக உருவத்துக்கும் பொருந்திவிட்டது. எடையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், கோதுமைக் கதிரின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஒரு பையை வாங்கி வந்தேன். 'கிரெயின் ஃப்ரீ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எடை இன்னும் கொஞ்சம் கூடியிருந்தது. அன்றைக்குத்தான் பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தேன். கோழி, பட்டாணி, உருளைக்கிழங்கு மாவு, பட்டாணிப் புரதம், மரவள்ளி மாவு என்று போயிற்று பட்டியல். தானியம் இல்லைதான், பொய் சொல்லவில்லை. (அளவு பார்க்காமல் கப்பால் அள்ளிப் போட்டது என் தப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

உலர் உணவு என்றாலே ஏதோ ஒரு மாவு இருக்கும். கலவையை வேகவைத்து, அழுத்திப் பிழிந்து, பொரி மாதிரி உப்ப வைத்துத்தான் அந்த உருண்டைகளைச் செய்கிறார்கள். அது உதிராமல் நிற்க மாவுச்சத்து தேவை. தானியத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்துக்குக் கிழங்கோ பருப்போ வந்துவிடும். அதனால் மாவு மிகக் குறைவாக வேண்டும் என்றால் டின்னிலோ பவுச்சிலோ வரும் ஈர உணவுப் பக்கம்தான் போக வேண்டும்.

படி 1: பொருள் பட்டியல்

பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர், அதனால் அது சுலபமாக முதலிடம் பிடித்துவிடும். பட்டாணியை மாவு, புரதம், நார் என்று மூன்றாகப் பிரித்து எழுதினால் மூன்றும் கீழே இறங்கிவிடும். எனவே ஒரே பயிரிலிருந்து வந்தவற்றை மனத்துக்குள் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு படியுங்கள்.

அரிசி, சோளம், கோதுமை, ஓட்ஸ் ஆகியவை எல்லோருக்கும் தெரியும். தப்பித்துப் போகிறவை உருளை, சர்க்கரைவள்ளி, மரவள்ளி, பட்டாணி, கொண்டைக்கடலை, பருப்பு வகைகள். குவார் கம், கராஜீனன் போன்ற கெட்டிப்படுத்திகள் மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். மாவுக் கணக்கில் அவற்றை நான் பொருட்படுத்துவதில்லை.

படி 2: அச்சிடாத எண்ணைக் கண்டுபிடிப்பது

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், அதனால் மெதுவாகப் போகலாம். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம் எல்லாம் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும். மாவுச்சத்து எவ்வளவு என்பதை மட்டும் பல பைகளில் காணவே முடியாது. நூறிலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது அதுதான். சாம்பல், அதாவது தாது உப்புகள், போட்டிருக்காவிட்டால் உலர் உணவுக்கு 8, ஈர உணவுக்கு 2 என்று வைத்துக்கொள்கிறேன்.

உலர் உணவு ஒன்று: புரதம் 32, கொழுப்பு 14, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8. கூட்டினால் 68. மாவுச்சத்து 32.

ஈர உணவு ஒன்று: புரதம் 10, கொழுப்பு 5.5, நார் 0.5, ஈரம் 80, சாம்பல் 2. கூட்டினால் 98. மாவுச்சத்து 2.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "32 எங்கே, 10 எங்கே, டின்னில் புரதமே இல்லையே" என்று ஆறு மாதம் டின் பக்கமே போகாமல் இருந்தேன். தண்ணீரைக் கழிக்காமல் ஒப்பிட்டதுதான் பிழை. டின்னில் 80 பங்கு தண்ணீர் என்றால் உண்மையான உணவு 20 பங்குதான். அந்த 20இல் 10 புரதம், ஆக 50 சதவீதம். உலர் உணவில் 90இல் 32, ஆக சுமார் 36 சதவீதம். மாவுச்சத்தையும் இப்படியே பாருங்கள்: டின்னில் 10 சதவீதம், உலர் உணவில் 36.

இன்னும் துல்லியமாக வேண்டுமா? கலோரியில் பாருங்கள். புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆல், கொழுப்பை 8.5ஆல் பெருக்குங்கள். மூன்று விடைகளையும் கூட்டி, அந்த மொத்தத்தில் மாவின் பங்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மேலே உள்ள உலர் உணவில் மாவிலிருந்து வரும் கலோரி சுமார் 33 சதவீதம், டின்னில் சுமார் 8. வீடில்லாமல் வேட்டையாடித் திரியும் பூனைகளின் உணவை அலசிய 2011ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில் இது 2 சதவீதம் என்று வந்தது. நான் 10க்குள் இருந்தால் வாங்குவேன்.

இதற்கென்று செயலிகள் இருக்கின்றன, மதிப்பெண் போடும் தளங்களும் இருக்கின்றன. எனக்கு எதன் மேலும் நம்பிக்கை இல்லை. போனில் லேபிளைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், அதே போனின் கால்குலேட்டரில் கணக்குப் போடுகிறேன்.

படி 3: 'முழுமையான உணவு' என்ற வரி

மாவு இல்லை என்பதற்காக எதையும் வாங்கிவிடாதீர்கள். வெறும் மீனும் தண்ணீரும் உள்ள சில டின்களில் 'துணை உணவு' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதையே தினமும் போட்டால் பூனைக்கு ஆபத்து. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும், குறைந்தால் இதயமும் கண்ணும் கெடும். கடையில் விற்ற உணவைச் சாப்பிட்ட பூனைகளுக்கே இதயத் தசை நோய் வந்ததற்கு டாரின் குறைவுதான் காரணம் என்று 1987இல் தெரியவந்தது. உற்பத்தியாளர்கள் அளவைக் கூட்டியது அதன் பிறகுதான். ஆஃப்கோ (AAFCO, அமெரிக்கா) அல்லது ஃபெடியாஃப் (FEDIAF, ஐரோப்பா) அமைப்பின் செல்லப்பிராணி உணவுத் தரப்படி முழுமையானது என்ற வரி இருக்கிறதா, உங்கள் பூனையின் வயதுக்கு உரியதா என்று பாருங்கள்.

படி 4: மாற்றுவது

கால் பங்கு, அரைப் பங்கு என்று ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், குண்டுப் பூனைக்கு இன்னும் அதிகம். அப்புறம், கப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். பூசணியின் எடை குறைந்ததில் பாதிப் பெருமை அந்தத் தராசுக்குத்தான்.

பிற்சேர்க்கை 1: கணக்குப் போட்டால் மைனஸ் 1 வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். லேபிளில் புரதமும் கொழுப்பும் 'குறைந்தபட்சம்', ஈரமும் நாரும் 'அதிகபட்சம்' என்றுதான் பெரும்பாலும் போடுகிறார்கள். அதனால் நம் விடை ஒரு மதிப்பீடுதான். ஈர உணவில் ஒரு புள்ளி தவறினாலும் விடை பெரிதாக மாறும். சரியான எண் வேண்டுமென்றால் சராசரி அளவுகளைக் கேட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கேட்டால் பலர் தருகிறார்கள்.

பிற்சேர்க்கை 2: "ஈர உணவுதானே, கிரேவி வகை வாங்கலாமா?" சாற்றைக் கெட்டியாக்க ஸ்டார்ச்சும், துண்டுகளைப் பிடித்துவைக்கக் கோதுமைப் புரதமும் சேர்ப்பது அதில் சகஜம். கூழாக அரைத்து வரும் வகையில் பொதுவாக மாவு குறைவு. பூசணிக்கு கிரேவிதான் உயிர். அவ்வப்போது கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. வெந்த மாவைப் பூனையால் செரிக்க முடியும், அது விஷமல்ல.

பிற்சேர்க்கை 3: இதை மேலேயே எழுதியிருக்க வேண்டும். இன்சுலின் போடும் பூனைக்கு மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மாற்றாதீர்கள். மாவு குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறுக்கென்று தனி உணவு எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பதிவை மறந்துவிட்டு அதையே போடுங்கள்.